மஞ்சள் நூல் கட்டிய குக்கர்

நான் உபதேசியார் மகள். பத்துக் கட்டளையும் ஐந்து வயதிலேயே எனக்குப் பாடம். அதில் எட்டாவது, களவு செய்யாதிருப்பாயாக. பக்கத்து வீட்டுக் கொய்யாக்காயைக்கூடக் கேட்டுத்தான் பறித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை களவெடுத்தேன். எடுத்தது ஒரு சாமியின் சொத்தை. எடுத்ததோடு நிற்காமல் அதைத் தோலுரித்து, கரட்டும் போஞ்சியும் சேர்த்து, எண்ணெய் இல்லாமல், உப்புக் குறைவாக, உடம்புக்கு நல்லதாகச் சமைத்தேன். இதை எந்த ஜெபத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பிறகு அப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார். ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

(சிரிக்காமல் படியுங்கள். அன்றைக்குச் சிரித்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் நோயாளி.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, கொடகவெலவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். காதல் கல்யாணம். அவர்கள் இந்து, நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் அழுது தீர்த்துவிட்டுச் சமாதானமானார்கள். மாமி அழவில்லை. அதனால் சமாதானமும் ஆகவில்லை. என்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் பேசாமல் எப்படி இருப்பது? அதற்கு மாமி ஒரு வழி வைத்திருந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் கதவிடம் சொல்வார். "பீலியில வாளி ரொம்பி வழியுது, யாருக்கும் காது கேக்கல போல" என்று கதவைப் பார்த்துச் சொன்னால், நான் தண்ணீர்க் குழாயடிக்கு ஓட வேண்டும். "உப்பு டப்பாவ மூடி வெச்சா கையி தேஞ்சிருமா" என்றால் மூட வேண்டும். பாவம் அந்தக் கதவு, ஒரு நாளைக்கு எவ்வளவு திட்டுத்தான் வாங்கும்.

நான் பிறந்ததிலிருந்தே வாயாடி. ஆனாலும் புது மருமகள் ஆயிற்றே என்று பொறுத்துக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் விழுங்கிய பதில்களைக் கட்டினால் ஒரு மூடை வரும். என் வீட்டுக்காரர் ரமேஷ் இரத்தினபுரி டவுனில் ஒரு கடைக்கு லொறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் நான், மாமி, மாமா, கதவு என்று நாலு பேர்தான் இருந்தோம்.

மாமா தங்கமான மனுஷன். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷினோடு மல்லுக்கட்டியவர். என்னைத் 'தாயி' என்று கூப்பிடுவார். மாமி கதவோடு பேசும்போதெல்லாம், "ஒன்னத்தான் சொல்றா தாயி, கோவிச்சிக்காத" என்று மெதுவாக எடுத்துச் சொல்வார். அந்த மாமாதான் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து காப்பாற்றி அனுப்பினார்கள். அனுப்பும்போது டொக்டர், "தெல் எப்பா, பொல்கிரி எப்பா, லுணு டிக்கக்" என்றார். எண்ணெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, உப்பு கொஞ்சம்தான். கூடவே, "டிக்க டிக்க எவிதின்ன ஓன" என்றும் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். மாமாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. இருந்தாலும் முதல் பாதியைக் கேட்டதிலேயே பயந்துபோய், இரண்டாவது பாதி அவர் காதில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நடந்தால் இதயம் நின்றுவிடும் என்று நம்பினார். கக்கூசுக்குப் போவதென்றாலும் நானும் மாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். சாப்பாடு அதைவிட மோசம். மாமி பயத்தில் எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் அவித்துக் கொடுத்தார். மாமா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். பன்னிரண்டு நாள் இப்படியே போனது. கன்னம் ஒட்டி, சாரம் இடுப்பில் நிற்காமல், பார்க்கவே சகிக்கவில்லை. மாமி அடுப்படியில் புகையைச் சாக்கு வைத்து அழுவார். லயத்தில் ஒரு பேச்சும் ஓடியது, வேதக்காரி வந்த நேரம் வீட்டு மனுஷன் விழுந்துட்டான் என்று. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவர். அவர் போய்விட்டால் நான் அங்கே எப்படி இருப்பேன்?

இனி குக்கரின் கதை. குவைத்தில் வேலை செய்யும் என் அக்கா கல்யாணத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் அனுப்பியிருந்தாள். நல்ல கனமானது. வந்த வழியில் மூடியின் பிடி மட்டும் ஆட்டம் கண்டிருந்தது. கூடவே வந்த புத்தகம் முழுக்க அரபு. மாமி அதைப் பார்த்த அன்றே கதவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அந்த வெடிகுண்டு என் வீட்டு அடுப்புல ஏறக்கூடாது." மூன்று மாதமாகக் குக்கர் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் கிடந்தது. ஏறக்குறைய என் நிலைமைதான் அதற்கும்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ஒரு வாரமாக விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழையானாலும் மாமி கொழுந்து எடுக்கப் போய்விட்டார். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மெல்லத் திரும்பி, "தாயி, வாய்க்கு ருசியா ஒரு துண்டு கோழி தின்னா தேவல போல இருக்கு" என்றார்.

பன்னிரண்டு நாளில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் இல்லாமல், தேங்காய்ப்பால் இல்லாமல், மிளகும் இஞ்சியும் மரக்கறியும் போட்டுக் குக்கரில் வைத்தால் டொக்டரும் சந்தோஷப்படுவார், மாமாவும் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. (மாமியும் ஓடி வந்து கட்டிப்பிடிப்பார் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். ஆசை யாரை விட்டது.) கொடகவெலக் கடையில் கோழி வாங்கலாம் என்றால், ரோட்டில் சேறு. எந்த ஓட்டோவும் மேலே ஏற மாட்டேன் என்றது. அப்போதுதான் வாசலில் ஒரு சேவல் கூவியது.

லயத்துக் கோழிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பத்துக் காம்பராவுக்கும் ஒரே வாசல். எல்லார் கோழியும் ஒன்றாகத்தான் மேயும். அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கோழியின் காலில் ஒரு நிறத்தில் துணி கட்டியிருப்பார்கள். பக்கத்துக் காம்பரா செல்வி அக்காவுக்கு நீலம். எங்கள் வீட்டுக்குச் சிவப்பு, மாமியின் பழைய சேலைக் கரையில் கிழித்தது. கூவிய சேவலுக்கு மட்டும் மஞ்சள் நூல். ராத்திரியில் எங்கள் கூட்டில்தான் அடையும். மாமி அதற்குத் தன் கையால் சோளம் போடுவார். மற்றக் கோழிகளுக்கு அந்த மரியாதை கிடையாது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

இருந்தாலும் ஊரான் கோழியை எடுத்துவிடக்கூடாதே என்று செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, அந்த மஞ்ச நூல் சேவல் யாரோடதுங்க?"

"ஒங்க மாமியோடதுதான். ஏன் புள்ள?"

"சும்மாதான்."

அடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஏன் மஞ்சள்? நான் கேட்கவில்லை. ஏனென்றால் பதிலை நானே கண்டுபிடித்துவிட்டேன். பெட்டைக்குச் சிவப்பு, சேவலுக்கு மஞ்சள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் வேதக்கார லயத்தில் கோழி நேர்ந்துவிடும் பழக்கம் இல்லை. சாமிக்கு விட்ட கோழி கோயிலடியில்தான் நிற்கும், ஐயர்மார் மாதிரி, என்று நினைத்திருந்தேன்.

அரிசியைத் தூவிக் கூடையால் கவிழ்த்துப் பிடித்தேன். சேவல் திமிறியதில் காலிலிருந்த நூல் மூங்கில் பிளாச்சில் சிக்கிக்கொண்டது. கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தேன். நூல் புதிது, நல்ல உறுதி. எதையும் வீணாக்கக்கூடாது என்பது எங்கம்மா வளர்ப்பு. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அறுப்பதற்கு ஆள் வேண்டும். மாமாவே கேட்டார்.

"எந்தக் கோழி தாயி?"

"நம்ம கோழிதாங்க மாமா."

"ஒங்க மாமி ஏசுவாளே."

"ஒங்களுக்குன்னா மாமி வேணாமுன்னா சொல்லப் போறாங்க?"

"அதுவும் சரிதான். கொண்டா கத்திய."

லயத்தில் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் கோழி அறுக்க மாமாவைத்தான் கூப்பிடுவார்களாம். கட்டிலில் உட்கார்ந்தபடியே, கீழே பேசின் வைத்து, ஒரே இழுப்பில் முடித்தார். கை நடுங்கவே இல்லை. கத்தியைத் துடைத்துத் திருப்பித் தந்தபோது முகத்தில் ஒரு களை இருந்தது.

சுத்தம் செய்து, தோலை உரித்து, துண்டு போட்டேன். மிளகு, சீரகம், மல்லி வறுத்து அரைத்தேன். இஞ்சி, பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை. கரட், போஞ்சி, பூசணி. உப்பு, சொன்னபடி டிக்கக். குக்கரில் எவ்வளவு உயரம் நிரப்பலாம் என்று அந்த அரபுப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். இவ்வளவு மரக்கறியை என்ன செய்வது என்று வாய் வரைக்கும் நிரப்பினேன். மூடியின் பிடி ஆடியது. இடுப்பிலிருந்த மஞ்சள் நூலை எடுத்துச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பிடி அசையவில்லை. விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கேஸ் அடுப்பில் ஏற்றினேன்.

அக்கா வட்ஸ்அப்பில், "கோழிக்கு மூணு விசில் போதும்டி" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது கடைக் கோழி. மூன்று விசிலுக்குப் பிறகு திறந்து கடித்துப் பார்த்தேன். ரப்பர் செருப்பு தோற்றது. மலை மலையாய் ஏறி இறங்கிய சேவல், லேசில் வேகுமா? இன்னும் தண்ணீர் ஊற்றி, சத்துக்கு இரண்டு பிடி முருங்கையிலையும் போட்டு, மறுபடி மூடி, இந்த முறை ஏழு விசில் என்று வைத்துவிட்டு மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினோம்.

"ஒன்னு" என்றார் மாமா. கொஞ்ச நேரத்தில், "ரெண்டு."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"நின்னு போச்சா தாயி?"

"இல்லைங்க மாமா. உள்ளுக்குள்ள வேகுது."

இவ்வளவு உறுதியாக நான் வாழ்க்கையில் வேறு எதையும் சொன்னதில்லை. விசில் துவாரத்தில் முருங்கையிலை போய் அடைத்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிடம் இருக்கும். அடுப்படியில் 'டமார்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து தகரக் கூரையில் கல்மாரி பொழிவதுபோல் ஒரு இரைச்சல்.

எங்கள் மாவட்டத்தில் அடைமழைக் காலத்தில் பெரிய சத்தம் கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. எந்த வீட்டிலும் அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் மாட்டி வைத்திருப்போம். அது விளையாட்டுக்கு அல்ல.

"மண்ணு வருது! ஓடுங்க!"

கத்தியது மாமா. கத்தியபோது அவர் கட்டிலில் இல்லை. கதவோரப் பையை எட்டி எடுத்து, இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி வாசலில் நின்றார். நின்றாரா? அடுத்த காம்பரா, அதற்கடுத்த காம்பரா என்று கதவுகளை அடித்துக்கொண்டே கடைசி வரைக்கும் ஓடினார். (என்னைக் கட்டிலடியிலேயே விட்டுவிட்டுத்தான் ஓடினார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.) நான் அடுப்படிக்குள் போய் கேஸை மூடினேன். குக்கரின் மூடி அசையாமல் இருந்தது, அதிலிருந்த பாதுகாப்பு அடைப்பு மட்டும் தெறித்துப் போயிருந்தது. நல்ல காலம், பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. கூரையிலிருந்து குழம்பு என் தலையில் சொட்டியது.

வெளியே வந்தால் லயம் முழுவதும் மழையில் நிற்கிறது. பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள், பைகளை நெஞ்சோடு அணைத்தவர்கள், எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டு. "மண்ணு இல்லைங்க! குக்கர்! குக்கருங்க!" என்று கத்தினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது மலையைப் பார்த்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். மண்சரிவு வேண்டாத நேரத்தில் வரும், வேண்டிய நேரத்தில் வராது.

அப்போதுதான் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மாமி வந்தார். இடுப்பில் நனைந்த படங்குச் சாக்கும் கையில் கூடையுமாக வந்தவர், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில், ஒருவரும் பிடிக்காமல், தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். கூடை கையிலிருந்து நழுவியது.

"நடந்துட்டாரு!"

"நடக்கவா? ஓடினாரு!" என்றார் செல்வி அக்கா.

மாமி லயத்துக்கு மேலே இருக்கும் முனிகோயில் பக்கம் திரும்பி, தலைக்கு மேல் கை கூப்பினார். "முனியாண்டி, நீ இருக்கப்பா" என்று விம்மி விம்மி அழுதார். பார்த்த பொம்பளைகள் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. குண்டு வெடித்த கதையை யாரும் மாமியிடம் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமி உரத்த குரலில் சொன்னார்.

"அவரு எழும்பி தன் காலால வாசல்ல எறங்கின அன்னைக்கே சேவல் அறுக்கிறேன்னு முனிக்கு நேந்திருக்கேன். அன்னைக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். எங்க அந்த மஞ்ச நூல் சேவல்? புடிங்க!"

மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த நேரம்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமி நேர்ந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

லயமே சேவலைத் தேடப் புறப்பட்டது. சந்தோஷமான தேடல். கூட்டுக்குள் பார்த்தார்கள், விறகுக் கட்டுக்குப் பின்னால் பார்த்தார்கள், தேயிலைக்குள் இறங்கினார்கள். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உபதேசியார் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அவளும் தேடினாள். தலையில் ஒரு போஞ்சித் துண்டோடு, குனிந்து, "பக் பக் பக்" என்று கூப்பிட்டுக்கொண்டே மூன்று காம்பரா தூரம் போனாள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமா தன் பங்குக்கு, "மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கும், நாளைக்குப் பாக்கலாம்" என்றார். ஒரு நோயாளி எனக்காகச் சொன்ன முதல் பொய்.

"யாரு வீட்லயோ கோழி வேகுதே, நல்ல வாசம்" என்றார் செல்வி அக்கா, மூக்கை உறிஞ்சி.

சேவலை வசப்படுத்த ஒரு பிடி அரிசி எடுத்து வருகிறேன் என்று மாமி உள்ளே போனார். நான் தேடுவதை நிறுத்தினேன். போனவர் வரவில்லை. கூட்டமும் மெல்ல அடங்கியது. பிறகு மாமி வந்தார். கையில் அரிசி இல்லை. இரண்டு கையாலும் குக்கரைப் பிடித்துக்கொண்டு, இஸ்தோப்பில் நின்று, அதை மெதுவாகப் படியில் வைத்தார். மூடியின் பிடியில் மஞ்சள் நூல், நான் கட்டிய கட்டு அப்படியே, ஒரு பிரி அவிழாமல்.

செல்வி அக்கா வாயில் கை வைத்தார். மாமியின் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் இல்லை, பயம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டது, இனி இவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். ஒரு நல்லது செய்யப் போய் இந்தப் பொம்பளையின் ஒரே நம்பிக்கையை அறுத்துச் சமைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

மாமி கதவைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டி," என்றார். "கேக்க வாய் இல்லையாடி ஒனக்கு?"

நான் அழுது காலில் விழுந்திருக்கலாம். அதுதான் முறை. ஆனால் மூன்று மாதமாகக் கட்டி வைத்த மூடை அந்த நேரம் பார்த்து அவிழ்ந்தது.

"யாரைங்க மாமி கேக்குறது? கதவையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. அப்போது ஒரு சத்தம் வந்தது. 'க்ர்ர்' என்று, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல. மாமாதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மாமி அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினார், நானும் ஓடினேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"அறுத்தது நான்தான் அங்கம்மா. அவள ஏசாத. கட்டில்ல ஒக்காந்து இந்தக் கையாலதான் அறுத்தேன். நேந்தத என்கிட்ட நீயும் சொல்லலையே."

"சொன்னா நீங்க கேலி பண்ணுவீங்க."

"நடக்கிற அன்னைக்கே அறுக்கிறேன்னு தானே வாக்குக் குடுத்த? அன்னைக்கே அறுத்தாச்சி. முனி கோவிச்சிக்க என்ன இருக்கு? அந்தச் சேவல் வெடிச்சதாலதானே நான் எழும்பினேன். எனக்குப் பசிக்குது."

மாமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "போயி அவருக்குச் சோத்தப் போடேண்டி, மரம் மாதிரி நிக்கிற" என்றார்.

கூரைக்குப் போனது போகக் குக்கரில் பாதி மிச்சம் இருந்தது. சேவல் பஞ்சாய் வெந்திருந்தது. மாமா படியில் உட்கார்ந்து, லயம் முழுவதும் பார்த்திருக்க, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பன்னிரண்டு நாளில் முதல் தடவை தட்டு காலியானது. மாமி ஒரு வாய்கூட வைக்கவில்லை. அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு சேவல் பிடித்து வந்தோம். "நூல நான் கட்டுறேன், நீ கிட்ட வராத" என்றார் மாமி. அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடக்க, கூடையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் முனிகோயில் மேடேறினேன். மாமா யாரையும் பிடிக்கவில்லை. மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரமாக நின்றேன். மாமி கற்பூரம் ஏற்றி முனியிடம் பேசினார். வீட்டு மனுஷனைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ நம்ம வீட்டுப் புள்ள. தெரியாம செஞ்சிட்டா. மனசுல வெச்சிக்காத" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். எனக்கு எல்லாம் கேட்டது. நான் எங்கள் சாமிக்கும் அங்கேயே நின்று ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்தச் சேவலும், புது அடைப்புப் போட்ட அதே குக்கரில்தான் வெந்தது, மாமியின் உத்தரவுப்படி. வேகும் வரைக்கும் மாமி உள்ளே வரவில்லை. அடையாள அட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக அப்படித்தான். என் குக்கர் விசிலடித்தால், எங்கள் வீட்டுப் பையோடு மாமியும், அவர்கள் வீட்டுப் பையோடு செல்வி அக்காவும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். மாமா உள்ளே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். பிடியிலிருக்கும் மஞ்சள் நூலை அவிழ்க்க இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

தோட்டத்தில் யாருடைய கோழி காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வந்தவர்களை மாமியே அடுப்படிக்குக் கூட்டிப்போய், குக்கரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தேயிலைக்குள் தேட அனுப்புவார். திறப்பதற்கு முன்னால், "ஏண்டி, இதுக்குள்ள இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். என் முகத்தைப் பார்த்து என்னிடம்தான் கேட்பார்.